மருத்துவமனைச் சந்தில் நடப்படும் எட்டுத் தூண்கள் குறித்து

அனுப்புநர்
‘ஸ்பேனர்’ பெரியவர் (வயது 72),
சக்கர நாற்காலி பழுதுபார்க்கும் கடை,
கதவு எண் 3, மருத்துவமனைச் சந்து.

பெறுநர்
மாநகராட்சி ஆணையர் அவர்கள்,
மாநகராட்சித் தலைமை அலுவலகம்.

பொருள்: நான்கு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் மாநகராட்சியும் சேர்ந்து நடத்தும் ‘அனைவருக்குமான பசுமை நகரம்’ ஆய்வின்படி மருத்துவமனைச் சந்தில் இரும்புத் தூண்கள் நடுவதை நிறுத்தக் கோருதல் – ஆய்வில் நேர்ந்த தவற்றுக்குக் காரணமானவரே எழுதுவது – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி ஆய்வின் அறிக்கை, பக்கம் 58, அட்டவணை 7. 2. வார்டு அலுவலகத்தில் 14ஆம் தேதி நான் கொடுத்த மனு (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா,

இந்த மனுவைத் தாங்கள் வரும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முன் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு படிப்பதில் பயனில்லை. அதனால்தான் உறையின் மேல் சிவப்பு மையால் அந்த நேரத்தை எழுதியிருக்கிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. மருத்துவமனைச் சந்து தெற்கே பெரிய சாலையையும் வடக்கே மருத்துவமனையின் பின்வாசலையும் இணைக்கிறது. நீளம் இருநூற்றுப் பத்து மீட்டர், அகலம் இரண்டு மீட்டர். இருபுறமும் ஆளுயரச் சுவர். நடுவில் முழங்கையை மடக்கியதுபோல ஒரு வளைவு. அந்த வளைவில் தரைத்தள வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று உள்ளது. நடக்க இயலாதவர்களுக்கென்று முப்பது ஆண்டுகளுக்கு முன் தங்கள் அலுவலகமே ஒதுக்கிய வீடுகள் அவை. இன்று அங்கே பதினேழு பேர் சக்கரத்தின் மேல் வாழ்கிறார்கள். பன்னிரண்டு பேரிடம் சக்கர நாற்காலி. ஐந்து பேரிடம் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. குடியிருப்புக்கு வாசல் ஒன்றே ஒன்றுதான். அது சந்துக்குள் திறக்கிறது. இதை மட்டும் தாங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும்.

2. அந்த வாசலுக்கு எதிரே என் கடை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கு யாரும் தொழில் கற்றுக்கொடுக்கவில்லை. என் மகளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து கால்கள் ஓய்ந்துபோயின. பழைய சைக்கிள் சக்கரம் இரண்டையும் ஒரு பிரம்பு நாற்காலியையும் சேர்த்து நானே ஒன்று செய்தேன். அது மூன்று முறை பின்னால் சாய்ந்து அவளைக் கீழே தள்ளியது. நான்காவது முறை நின்றது. அன்று தொடங்கியது தொழில். அந்த மகளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். வீட்டு வாசலிலிருந்து அவள் மேசைக்கு ஒன்பது நிமிடம். யாரும் தள்ள வேண்டியதில்லை. நான் தள்ளப் போனாலும் கையைத் தட்டிவிடுவாள்.

3. ஆய்வின் மீது எனக்குக் கோபம் இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். ஊரைப் புகையில்லாமலும் எல்லோரும் புழங்கும்படியும் ஆக்க வேண்டும் என்று நாலு நாட்டுப் படித்தவர்கள் ஒன்று கூடுவது நல்ல காரியம். தலைமைப் பேராசிரியை அம்மையார் வெளிநாட்டிலிருந்து வந்தபோது என் கடைக்கும் வந்தார். கொடுத்த ஸ்டூலில் உட்காராமல் தரையில் குந்தி, முன்சக்கரத்தின் பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்தார். அப்படிப் பார்த்த அதிகாரி ஒருவரை நான் இந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளில் கண்டதில்லை. அவர்கள் ஏழு நாள் சந்தில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எண்ண இடம் கேட்டார்கள். என் கடை வாசலையும், மேசையையும், கணினிக்கு மின்சாரத்தையும் கொடுத்தேன்.

4. இனி என் தவறு. எண்ணுவதற்கு வந்த ஆய்வு மாணவி கையில் ஒரு படிவம் இருந்தது. நடப்பவர், இரு சக்கரம், மூன்று சக்கரம், நான்கு சக்கரம் என்று கட்டங்கள். கடைசியில் ‘இயக்கக் குறைபாடு உடையவர்கள்’ என்று தனியாக ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கு முன் நான்கு முறை எங்கள் குடியிருப்பை இப்படித் தனியாக எண்ணிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒரு முறை ஆளுக்கொரு போர்வை கொடுத்தார்கள். வாசலில் உடைந்த சாக்கடை மூடியை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஆகவே நான் அந்த மாணவியிடம், “இங்க போறவங்களைப் பாவம் பாத்து எண்ணாதீங்கம்மா. சக்கரம் உருண்டா சக்கரத்தை எண்ணுங்க. அந்தக் கட்டம் இருந்தா என் மேசை கிடையாது, கரண்டும் கிடையாது” என்று சொன்னேன்.

அந்தப் பெண் நயமாகத்தான் சொன்னாள், இது நாலு நாட்டுக்கும் பொதுவான படிவம், தன்னால் கோடு அடிக்க முடியாது என்று. பிறகு மேலிடத்துக்குத் தொலைபேசியில் கேட்டாள். தங்களை எப்படிக் குறிக்க வேண்டும் என்பதை அந்தந்தப் பகுதி மக்களே சொல்ல வேண்டும் என்பது அந்த ஆய்வின் விதியாம். ஆகவே என் பேச்சை மதித்துக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். என் மகள் அன்று வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “அப்பா, அந்தக் கட்டம் இருந்துட்டுப் போகட்டும்ப்பா. ஒரு கோடுதானே” என்றாள். நான் கேட்கவில்லை. அந்த ஏழு நாளும் ஜெயித்துவிட்ட நினைப்பில் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் மகள் எதிரே போகும்போதெல்லாம் மாணவி நான்கு சக்கரம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். சக்கர நாற்காலிக்குப் பெரியது இரண்டு, சிறியது இரண்டு, ஆக நான்கு சக்கரம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

5. சென்ற மாதம் அறிக்கை வந்தது. நூற்று அறுபத்து நான்கு பக்கம். அகராதியை வைத்துக்கொண்டு முழுவதையும் படித்தேன். புரியாததை மகளிடம் கேட்டேன். அட்டவணை 7 இப்படிச் சொல்கிறது: ஏழு நாளில் நான்கு சக்கர வாகனங்கள் 604, மூன்று சக்கர வாகனங்கள் 231. எங்கள் படிவத்தில் எடுத்த அந்தக் கட்டம், நாலு நாட்டுக்கும் பொதுவான அட்டவணையில் ‘சக்கர நாற்காலியில் செல்வோர்’ என்ற வரியாக இருக்கிறது; அதற்கு நேரே பூஜ்யம். இரண்டு மீட்டர் சந்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் பாய்வதால் நடப்பவர்களுக்கு ஆபத்து என்று அடுத்த பக்கத்தில் உள்ளது. அதற்கும் அடுத்த பக்கத்தில், இவற்றைத் தடுத்தால் ஆண்டுக்குப் பதினெட்டு டன் கரிப்புகை குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஐயா, எங்கள் சந்தின் வளைவில் கார் திரும்பாது. திரும்பிய காரை நான் பார்த்ததில்லை. அந்த 604இல் ஏறக்குறைய எழுபது என் மகள்; வேலைக்கு, மதியச் சாப்பாட்டுக்கு, கடைக்கு என்று நாளுக்குப் பத்து முறை சந்தைக் கடப்பவள். அவள் புகை விடுவதில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது குடியிருப்பில் எல்லோரும் சிரித்தார்கள். மூன்று சக்கர வண்டி ஓட்டும் தையல்காரர், “ஸ்பேனர் அண்ணே, இனிமே நான் பெட்ரோல் பங்குல வரிசையில நிக்கணுமா?” என்று கேட்டார். நானும் சிரித்தேன். அன்றே எழுந்து தங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்க வேண்டும்.

6. கடந்த 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, சந்தின் வடக்கு முனையில், மருத்துவமனைப் பின்வாசலுக்கு முன், இரண்டு இரும்புத் தூண்களை நட்டு சிமென்ட் போட்டார்கள். சுவருக்கும் தூணுக்கும், தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி சரியாக அறுபது சென்டிமீட்டர். வரைபடத்தில் உள்ளபடியே வேலை சுத்தமாக நடந்திருக்கிறது. அதில் குறை சொல்ல மாட்டேன். குடியிருப்பிலுள்ள பன்னிரண்டு நாற்காலிகளையும் நான் அளந்தேன். மிகக் குறுகியது அறுபத்திரண்டு. என் மகளுடையது அறுபத்தாறு. மிக அகலமானது எழுபத்தொன்று. மூன்று சக்கர வண்டிகள் எண்பதுக்கு மேல். ஒன்றுகூட நுழையாது. அளவுப் பட்டியலை இணைத்துள்ளேன்.

அன்று மாலை என் மகள் வேலை முடிந்து பின்வாசலுக்கு வந்தபோது தூண்கள் நின்றுகொண்டிருந்தன. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் ஈரச் சிமென்ட். ஒன்பது நிமிடத்தில் வீட்டுக்கு வருகிறவள் மருத்துவமனையின் முன்வாசல் வழியாகச் சுற்றிப் பெரிய சாலையில் ஒரு கிலோமீட்டர் நானூறு மீட்டர் வந்து சேர்ந்தாள். மேம்பால வேலை நடப்பதால் அங்கே நடைபாதை கிடையாது. லாரிகளும் பேருந்துகளும் போகிற தடத்தில்தான் வர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கைகளைக் கழுவினாள், நெடுநேரம் கழுவினாள். மறுநாளும் அப்படியே போனாள், வந்தாள்.

7. 13ஆம் தேதி வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தையல்காரர் தைத்த துணியைக் கொடுக்க மருத்துவமனைக்குப் போனார். செவிலியர்களின் உடைகளைத் தைப்பவர் அவர்தான். வழக்கமான வழி அடைபட்டதால் பெரிய சாலையில் போனார். ஒதுங்க இடமில்லாத இடத்தில் லாரியின் பின்பக்கம் அவர் வண்டியை இடித்து இழுத்துவிட்டது. வலது முன்கை எலும்பு இரண்டாக உடைந்துள்ளது. ஐயா, அவருக்குக் கால் இல்லை. கையால்தான் வண்டி ஓட்டுவார், கையால்தான் தைப்பார், கையை ஊன்றித்தான் படுக்கையிலிருந்து எழுவார். நான் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தபோது அவர் முதலில் கேட்டது, “வண்டி தேறுமாண்ணே?” என்பதுதான். தேறும் என்றேன். அச்சு முறிந்திருக்கிறது. அதைத் தேற்றிவிடுவேன். கை தேறுமா என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை.

8. மறுநாள் வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் மனு கொடுத்தேன். காலி நாற்காலி ஒன்றையும் தள்ளிக்கொண்டு போனேன். கூட வந்து தூண்களுக்கு நடுவே அதை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், நுழைந்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்தார். ஆனால் அட்டவணையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “பெரியவரே, இதுல சக்கர நாற்காலி பூஜ்யம்னு இருக்கு. இல்லாதவங்களுக்காக நான் எப்படி வரைபடத்தை மாத்துறது? நாலு நாடு கையெழுத்துப் போட்ட பேப்பர் இது” என்றார். இல்லாதவர்களில் ஒருத்தி என் மகள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

9. என் மகள் வெளிநாட்டுப் பேராசிரியை அம்மையாருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். 18ஆம் தேதி பதில் வந்தது. மிகவும் வருந்துவதாகவும், தவறு நேர்ந்திருப்பது தெளிவாகத் தெரிவதாகவும், ஆனால் அறிக்கை இப்போது மாநகராட்சியின் சொத்து என்பதால் திருத்தம் கேட்டு மாநகராட்சிதான் எழுத வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அப்படி எழுதினால் இரண்டு மாதம் கழித்து நடக்கும் கூட்டுக்குழுவில் முதல் பொருளாக எடுத்துக்கொள்வாராம். அந்தக் கடிதத்தை 19ஆம் தேதி வார்டு அலுவலகத்தில் காட்டினேன். திருத்தம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தால்தான் வார்டு அலுவலகத்தால் எதுவும் செய்ய முடியும் என்றார்கள். அவர்கள் இவர்களைக் காட்டுகிறார்கள், இவர்கள் அவர்களைக் காட்டுகிறார்கள். மீதி ஆறு தூண்களுக்குச் சுண்ணாம்பில் வட்டம் போட்டுவிட்டார்கள். இரண்டு வளைவில், இரண்டு குடியிருப்பு வாசலுக்குத் தெற்கே, இரண்டு பெரிய சாலை முனையில். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் குழி தோண்டுகிறார்கள். அன்றோடு தெற்கு வழியும் அடைபடும். பதினேழு பேரும் உள்ளே இருப்பார்கள். மருத்துவமனையைச் சுற்றிக்கொண்டு போகிற வழிகூட இருக்காது.

10. என் கடையில் இரும்பு அறுக்கும் இயந்திரம் இருக்கிறது. வடக்கு முனையிலுள்ள இரண்டு தூண்களையும் அறுத்துப் போட எனக்குப் பத்து நிமிடம் போதும். தையல்காரரைப் பார்த்துவிட்டு வந்த அன்று இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். மகள் வழியை மறித்து நாற்காலியை நிறுத்தினாள். “நீங்க பிடிவாதம் பிடிச்சதுல ஒரு கட்டம் போச்சு. இன்னொரு பிடிவாதத்துல நீங்களும் போயிடாதீங்க. அறுத்தா நம்மளைத்தான் குத்தம் சொல்வாங்க. உக்காந்து எழுதுங்க” என்றாள். அவள் சொல்வதை முதன்முறையாகக் கேட்டு இதை எழுதுகிறேன். இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றி அவள் தன் கைப்பையில் வைத்திருக்கிறாள்.

11. ஆகவே தங்களிடம் கேட்பவை இவை.

திங்கட்கிழமை வேலையைத் தாங்கள் ஒரு வரியில் நிறுத்த வேண்டும். விசாரணையெல்லாம் பிறகு நடக்கட்டும், முதலில் நிறுத்துங்கள். வடக்கு முனையில் நட்ட இரண்டில் ஒன்றையாவது உடனே எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் மோட்டார் சைக்கிள்கள் நுழையும் என்று உதவிப் பொறியாளர் சொல்கிறார். நுழையும், நான் மறுக்கவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு வேறு வழி இருக்கிறது, என் மகளுக்கு இல்லை.

அட்டவணை 7 தவறு என்று தாங்கள் பல்கலைக்கழகங்களுக்கு எழுத வேண்டும். தவறு யாருடையது என்று கேட்டால் என்னுடையது என்று தயங்காமல் குறிப்பிடலாம். அந்த ஆய்வு மாணவி மீது எந்த நடவடிக்கையும் கூடாது. அவள் நான் சொன்னதைச் செய்தாள்.

மறுபடியும் எண்ண வேண்டும். என் மேசையும் மின்சாரமும் நிபந்தனை இல்லாமல் உண்டு. தனிக் கட்டம் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளட்டும், நான் இனி வாய் திறக்க மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எத்தனை பேர் என்று மட்டும் எழுதினால் போதாது. அவர்கள் எத்தனை சென்டிமீட்டர் அகலம் என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பரிதாபம் வரைபடத்தில் ஏறாது. அளவு ஏறும்.

12. தங்கள் உத்தரவு வராவிட்டால் திங்கட்கிழமை என்ன நடக்கும் என்பதையும் ஒளிக்காமல் தெரிவிப்பது என் கடமை. அதிகாலை ஐந்து மணிக்கே சுண்ணாம்பு வட்டங்கள் ஆறின் மேலும் எங்கள் நாற்காலிகள் நிற்கும். அவற்றில் ஆட்கள் இருப்பார்கள். கூச்சல் போட மாட்டோம், வேலையாட்களை ஒரு வார்த்தை பேச மாட்டோம். அவர்களும் எங்களைப் போல உழைத்துப் பிழைப்பவர்கள். பிரேக்கை மட்டும் போட்டுவிடுவோம். அந்த பிரேக்குகள் நான் பொருத்தியவை. எளிதில் நகராது.

இந்த மனுவைத் தபாலில் அனுப்பவில்லை. நான் நேரில் வந்தால் யாரோடாவது சண்டை போட்டுவிடுவேன் என்று மகள் சொல்லிவிட்டாள். ஆகவே வேலைக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பெரிய சாலை வழியாக அவளே கொண்டுவருகிறாள். தங்கள் அலுவலக முகப்பில் ஏழு படிகள் இருப்பதாகவும் சாய்தளம் இல்லை என்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். மனுவைப் பெற்று முத்திரையிட யாரையாவது கீழே அனுப்பி வையுங்கள். அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. தாங்களே இறங்கி வந்தால் அவளை நேரில் பார்க்கலாம். அட்டவணையில் இல்லாதவள் அங்கே முதல் படிக்கு எதிரே இருப்பாள்.

தங்கள் உத்தரவுக்காகச் சந்தில் காத்திருக்கும்,

(ஒப்பம்)
‘ஸ்பேனர்’ பெரியவர்

இடம்: மருத்துவமனைச் சந்து
நாள்: 21ஆம் தேதி, வெள்ளிக்கிழமை

இணைப்பு: 1. நாற்காலிகள், வண்டிகள் பதினேழின் அகல அளவுப் பட்டியல். 2. அறிக்கையின் 58, 59, 60ஆம் பக்கங்களின் நகல். 3. பேராசிரியை அம்மையாரின் பதில். 4. குடியிருப்போர் பதினாறு பேரின் கையொப்பம். பதினேழாவது நபரான தையல்காரருக்கு இடது கையில் கையெழுத்துப் போட வராது. பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார்.